எண்ணி வைத்த குடங்கள்

 

செஞ்சியில் பேருந்து ஏறித் திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், சில மணி நேரத்தில் சென்னைப் பட்டணத்தின் வாசலில் இறங்கிவிடலாம். அந்த வாசல்தான் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் மாணவனாக இருந்த காலத்தில் பாரிமுனையில் இறங்கினோம். 2002இல் அது கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. வாசல் எங்கே இருந்தால் என்ன? உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் முதலில் படுவது ஒன்றுதான். பட்டணத்து மனிதர்களின் சின்னச் சின்னப் பித்துகள்!

மின்சார ரயிலுக்காக நடைமேடையில் காத்திருப்பவர்களைப் பாருங்கள். ஒருவர் நாள்தோறும் ஒரே தூணுக்கு அருகில்தான் நிற்பார். இடம் தாராளமாக இருந்தாலும் அங்கிருந்து நகரமாட்டார். அந்தத் தூணுக்கு எதிரே வந்து நிற்கும் பெட்டியில் ஏறினால், இறங்க வேண்டிய நிலையத்தில் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாமாம். அதில் அவருக்கு மிச்சமாவது அரை நிமிடம்! இன்னொருவர் வீட்டைப் பூட்டுவார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பார். மற்றொருவர் தம் வீட்டு வாசலிலேயே தேநீர்க்கடை இருக்க, இரண்டு தெரு தாண்டிப் போய்த்தான் தேநீர் அருந்துவார். பேருந்தில் கொடுப்பதற்கென்றே சட்டைப் பையில் சில்லறையைத் தனியாக முடிந்து வைத்திருப்பவர்களும் உண்டு. நடத்துநர் கேட்பதற்கு முன்பே அவர்களின் உள்ளங்கையில் காசு தயாராக இருக்கும்.

இவற்றையெல்லாம் ஊருக்கு வந்து சொல்லிச் சிரிப்பது என் வழக்கம். ஒருநாள் என் இல்லத்தரசி சொன்னார்: "மற்றவங்க பித்தை எண்ணிக்கிட்டே இருக்கிறீங்களே, அதுவும் ஒரு பித்துதான்!" உண்மைதான். ஆனால் அப்படி எண்ணிச் சிரித்த ஒரு பித்து என்னைத் தலைகுனிய வைத்துவிட்டது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயர் எழுதிய வாளி

கலைப்பட்டப் படிப்புக்காக மூன்றாண்டுகள் திருவல்லிக்கேணியில் தங்கியிருந்தேன். அங்குள்ள 'மேன்ஷன்'களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வேலை தேடி வந்தவர்களும், வேலையில் சேர்ந்தவர்களும், என்னைப் போன்ற மாணவர்களும் அறைக்கு இருவர் மூவராய்க் குடியிருக்கும் அடுக்கு விடுதிகள் அவை. அங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு வாளி இருந்தது. அதில் சிவப்புச் சாயத்தால் அவரவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதிகாலையில் குழாயடியில் ஆட்கள் நிற்கமாட்டார்கள். வாளிகள் வரிசையாய் நிற்கும். ஆள் அறையில் உறங்கிக்கொண்டிருப்பார், அவருக்காக அவருடைய வாளி நின்றுகொண்டிருக்கும்! யாரேனும் ஒரு வாளியை நகர்த்திவிட்டால் அன்று காலை போர்தான்.

வல்லத்திலிருந்து போன எனக்கு அது விந்தையாக இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. பக்கத்து நிலங்களில் பம்புசெட்டு ஓடியது. தொட்டியில் விழும் நீரில் தலையைக் கொடுத்து, போதும் போதும் என்றாகும்வரை குளித்து வளர்ந்தவன் நான். ஒரு வாளி நீருக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதா என்று எண்ணிக்கொள்வேன். படிப்பு முடிந்தது, ஊர் திரும்பினேன், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணியில் அமர்ந்தேன். வாளியை மறந்துவிட்டேன்.

சுவரில் விழுந்த கோடுகள்

என் மூத்த சகோதரி வாழ்க்கைப்பட்டது திருவல்லிக்கேணியில்தான். ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு சந்தில், ஏழு குடும்பங்கள் சேர்ந்து வாழும் பழைய கட்டடம். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரத்தில், மதரஸா விடுமுறையை முன்னிட்டு அங்கே சென்றிருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் நடையில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். மொத்தம் பன்னிரண்டு. நீலக் குடங்கள் மூன்றும் குடிப்பதற்கு. பச்சைக் குடங்கள் மூன்றும் சமையலுக்கு. சிவப்பு ஐந்தும் ஒளுவுக்கும் குளிப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒன்று தனியாக நின்றது. அது யாருக்கு என்று கேட்டேன். "உனக்குத்தான் தம்பி" என்றார் அக்கா.

குடங்களுக்கு மேலே சுவரில் சுண்ணக்கட்டியால் கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. குடம் ஒன்று காலியானால் கோடு ஒன்று விழும். அரிசி களைந்த நீர் ஒரு சட்டியில் சேர்ந்தது. அதில் காய்கறிகள் கழுவப்பட்டன. பிறகு அது ரோஜாச் செடிக்குப் போயிற்று. ஒளுச் செய்த நீர் ஓர் அகன்ற பாத்திரத்தில் விழுந்து, கழிப்பறைக்கும் வாசற்படி கழுவுவதற்கும் போயிற்று. வீட்டுக் கிணறு வறண்டு, குழாயில் காற்று மட்டுமே வந்துகொண்டிருந்த காலம் அது. தெருவுக்கு லாரி வரும். அது வரும் நாள் நிச்சயமில்லை. லாரியின் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே அந்தத் தெருவின் பெண்கள் வாழ்ந்தார்கள். அக்கா பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "இல்லை, அது குப்பை லாரி" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்!

முதல் நாள் பஜ்ருக்கு எழுந்தேன். மஞ்சள் குடத்தைச் சாய்த்து, ஊரில் செய்வதுபோலவே ஒளுச் செய்தேன். தொழுது வந்ததும் குளித்தேன். குடம் காலியாயிற்று. அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். மறுநாள் விடியலில் மஞ்சள் குடம் நிறைந்திருந்தது. லாரி வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

கேட்காததோடு நின்றேனா? சிரிக்கவும் செய்தேன். "என்ன அக்கா, பன்னிரண்டு குடத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேலையா? பட்டணம் உன்னைக் கஞ்சத்தனம் பழக்கிவிட்டதே!" என்றேன். அக்காவும் சிரித்தார். "நீ ஊர்ல இருக்கே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பித்தின் வயது

வாசகர்களே! இந்தப் பித்து அக்காவோடு பிறந்ததன்று. அதன் வயது பட்டணத்தின் வயதுக்குச் சற்றுத்தான் குறைவு.

கடலோரத்து மணலில் எழுந்த அந்நகரம் தொடக்கம் முதலே தண்ணீரை வெளியிலிருந்து தேடிக் கொண்டுவந்த நகரம். மண்ணடிக்கு அருகே ஏழுகிணறு என்றொரு பகுதி இருக்கிறதே, அப்பெயர் வெறும் பெயரன்று. 1772இல் கோட்டைக்கு நீர் கொடுப்பதற்காக அங்கே கிணறுகள் தோண்டப்பட்டன. அந்தக் கிணறுகளின் பெயரில்தான் இன்றும் மக்கள் முகவரி எழுதுகிறார்கள். அக்கா வீட்டருகே உள்ள ஐஸ் ஹவுஸின் கதை இன்னும் வியப்பானது. அமெரிக்க நாட்டின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, கப்பலேற்றி, கடல்கள் பல கடந்து கொண்டுவந்து சேமித்து வைக்க 1842இல் கட்டப்பட்ட கட்டடம் அது. பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் அதை விற்றுப் பணம் பண்ணினார். எண்ணிப் பாருங்கள்: இன்று ஒரு குடம் நீருக்குத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும் அதே வட்டாரத்தில், அன்று அமெரிக்காவின் ஏரி நீர் கட்டியாக வந்து இறங்கியது!

1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே நகருக்கு வந்தது. நகரம் பெருத்தது, ஏரிகள் போதவில்லை. கிருஷ்ணா நதி நீருக்காக ஆந்திர மாநிலத்தோடு 1983இல் ஒப்பந்தமாயிற்று. அந்த நீர் தமிழக எல்லையைத் தொட்டது 1996இல். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து நீர் கொண்டுவரும் புதிய வீராணம் திட்டம் 2004இல் நிறைவேறியது. அதற்கு முன்பே ஒரு வீராணம் திட்டம் தொடங்கிக் கைவிடப்பட்டதும், அதன் பெருங்குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், வீடற்ற ஏழைகள் அவற்றுக்குள் குடியிருந்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் போக வேண்டிய குழாயில் அடுப்பு எரிந்தது! 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2010இல் மீஞ்சூர் அருகேயும், 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தரவல்லவை.

இத்தனை இருந்தும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் என்ன நடந்தது? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து கொள்ளக்கூடிய நீர் பதினோரு டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். ஜூன் நடுவில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2015 டிசம்பரில் நிரம்பி, திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரை மக்களைக் கூரைமேல் ஏற்றிய அதே செம்பரம்பாக்கம், நான்காண்டுகளுக்குள் வெடித்த மண்ணாய்க் கிடந்தது. சில உணவகங்கள் நேரத்தைக் குறைத்தன. கணினி நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதில் வந்த நீர் இருபத்தைந்து லட்சம் லிட்டர். மனிதர்கள் ஏறும் ரயிலில் தண்ணீர் ஏறி வந்தது!

இத்தனை வரலாற்றையும் கலைப்பட்டம் பெற்ற நான் ஏட்டில் படித்திருந்தேன். அக்கா அதைச் சுவரில் கோடு கோடாக எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்பது அந்த நாட்களில் எனக்கு உறைக்கவில்லை.

நள்ளிரவில் தட்டிய கதவு

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் இரவு. மணி இரண்டிருக்கும். கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டில் தனியாகத் தம் மகனோடு வாழ்ந்துவந்த மூதாட்டி இறையடி சேர்ந்துவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். உருது பேசும் குடும்பம் அவர்களுடையது. தமிழ் பேசுவோரும், உருது பேசுவோரும், மாடியில் இருந்த இந்துக் குடும்பமும் எல்லோரும் அவரை 'நானிமா' என்றே அழைத்தார்கள். கட்டடத்தில் இருந்த குழந்தைகள் அனைவருக்கும் மடி தந்தவர்.

லுஹருக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. கபன் துணிக்கு ஒருவர் ஓடினார். கற்பூரத்துக்கும் இலந்தை இலைக்கும் இன்னொருவர். அப்போதுதான் நானிமாவின் மகன் என் மச்சானைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். மச்சான் முகம் வாடியது. வீட்டில் ஒரு குடம் நீர்தான் இருந்ததாம். லாரி வந்து மூன்று நாட்களாகியிருந்தன.

மூன்று நாட்கள்! அருகில் நின்ற என் காதில் அது விழுந்தது. அப்படியானால் என் மஞ்சள் குடம் நாள்தோறும் நிறைந்தது எப்படி? அந்தக் கேள்வி எழுந்தது. மவுத்து வீட்டின் பரபரப்பில் அமுங்கியும் போயிற்று.

மையித்தைக் குளிப்பாட்ட நீர் வேண்டும். யாரிடம் கேட்பது? எண்ணி எண்ணி வைத்திருப்பவர்களிடம் எப்படிக் கேட்பது? நான் அவ்வாறுதான் நினைத்தேன்.

யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலில் மாடிப்படியில் காலடியோசை. மேல்வீட்டு இந்துச் சகோதரி இடுப்பில் ஒரு குடமும், அவருடைய மகன் கையில் ஒரு குடமுமாய் இறங்கி வந்தார்கள். "நானிமாவுக்குங்க. மூடியே வச்சிருந்த தண்ணி, சுத்தமா இருக்கும்" என்று சொல்லி முற்றத்தில் வைத்தார். அடுத்து எதிர்வீடு. அடுத்து பக்கத்து வீடு. பிறகு என் அக்கா நடைக்கு வந்தார், குனிந்தார், இரண்டு குடங்களைத் தூக்கினார். இரண்டும் நீலம்!

எனக்குப் பதறியது. "அக்கா, அது குடிக்கிற தண்ணீர். சிவப்பில் எடுங்களேன்" என்றேன்.

"நானிமாவோட கடைசிக் குளிப்பு தம்பி. அதுக்கு மிச்சம் மீதியையா கொடுக்கிறது?" என்றார் அக்கா.

குடங்களை முற்றத்தில் கட்டியிருந்த திரைவரை கொண்டுபோய்க் கொடுப்பது என் பணியாயிற்று. திரைக்கு அப்பால் பெண்கள் குளிப்பாட்டினார்கள். எண்ணுவது என் பித்தல்லவா? எண்ணினேன். ஏழு வீடுகளிலிருந்து பதினான்கு குடங்கள் வந்திருந்தன. குளிப்பாட்டி முடிந்தபோது ஏழு குடங்கள் மீதமிருந்தன. ஒருவரும் தம் குடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் விசாரிக்க வருவோருக்கு வேண்டும் என்று, அவை அப்படியே அந்த வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டன. நீலமும் பச்சையும் சிவப்புமாய் அந்த ஏழும் நின்ற காட்சி என் கண்ணைவிட்டு இன்றும் அகலவில்லை.

அக்கா மேலே வந்தார். சுண்ணக்கட்டியை எடுத்தார். சுவரில் இரண்டு கோடுகள் இழுத்தார். அவர் கணக்கை விட்டுவிடவில்லை. கொடுத்ததும் கணக்கில்தான் ஏறியது.

மருமகள் சொன்னது

அடக்கம் முடிந்து அஸருக்குச் சற்று முன் வீடு திரும்பினேன். வெயிலும் அலைச்சலும் சேர்ந்து உடல் எரிந்தது. மஞ்சள் குடத்தை நோக்கிக் கை போயிற்று. அது நிறைந்திருந்தது. அப்போது அக்காவின் எட்டு வயது மகள் அருகில் வந்து நின்று, குழந்தைகளுக்கே உரிய நேர்மையோடு சொன்னாள்: "மாமா, அம்மா மூணு நாளா குளிக்கவே இல்லை. அவங்க தண்ணியைத்தான் உங்க குடத்துல ஊத்துறாங்க."

என் கை குடத்தின்மேல் இருந்தபடியே நின்றுவிட்டது.

நான் இருபது ஆண்டுகளாக மதரஸாவில் மாணவர்களுக்கு ஒளுவின் சட்டங்களை ஓதிக்கொடுத்து வருகிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்றும், நான்கு அல்லது ஐந்து முத் அளவு நீரில் குளிப்பார்கள் என்றும் நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியிருப்பதை ஆண்டுதோறும் பாடமாகச் சொல்லி வருகிறேன். முத் என்பது சராசரி மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தாலும், இன்றைய கணக்கில் ஏறக்குறைய முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை என்று கொள்ளலாம். மாணவர்கள் அதை மனனம் செய்து ஒப்பிப்பார்கள். நான் மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் அந்த அளவை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதில் ஒருமுறையேனும் நான் ஒளுச் செய்து பார்த்ததில்லை. அன்றுவரை பார்த்ததில்லை!

அடுக்களையில் சிறிய சொம்பு ஒன்று இருந்தது. ஒரு லிட்டர் கொள்ளும். அதில் நீர் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். முகம், கைகள், தலை, கால்கள். ஒவ்வோர் உறுப்பையும் மும்முறை கழுவி முடித்தபோதும் சொம்பின் அடியில் சிறிது நீர் மிஞ்சியிருந்தது. அதை ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். பிறகு அக்காவிடம் சென்று, கஞ்சத்தனம் என்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். "போடா, தம்பி சொன்னா அதெல்லாம் ஒரு பேச்சா?" என்றார். மஞ்சள் குடத்தில் மீதி இருந்த நீரை அவரைக் குளிக்கச் சொன்னேன். மறுத்தார். விடவில்லை நான்.

கோட்டை கற்றிருந்த பாடம்

ஊர் திரும்பும் வழியில் செஞ்சி மலைகள் கண்ணில் பட்டபோது மனம் வேறொன்றை எண்ணியது. 1690இல் முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருந்தார். 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கோட்டை வீழ்ந்தது. இடையே எத்தனை கோடை! பாறையின் உச்சியில் இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள்? மலைமேல் சுனைகளைப் பேணியிருந்தார்கள். மழைநீரைத் தேக்கக் குளங்கள் வைத்திருந்தார்கள். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களில் நீர் வந்த ஏற்பாட்டின் சின்னங்களை இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துப் போகிறார்கள். 2025 ஜூலையில் இக்கோட்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றபோது நாம் மகிழ்ந்தோம். மதில்களைப் பற்றிப் பேசினோம். வீரத்தைப் பற்றிப் பேசினோம். அந்த மதில்களுக்குள் தண்ணீரை எண்ணிச் செலவிட்டவர்கள் இருந்திருக்க வேண்டும் என்பதைப் பேசினோமா?

கடல் கடந்தும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் என்று வரம்பு விதித்தார்கள். வசதி படைத்தவர்களும் குளிக்கும்போது காலடியில் வாளியை வைத்து, விழும் நீரைச் சேர்த்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். ஊற்று நீருக்காக வரிசையில் நின்றார்கள். என் அக்காவின் அகன்ற பாத்திரம் அங்கேயும் இருந்திருக்கிறது!

நம் ஊர்களின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. தலை கழன்ற தெருக்குழாய். அதிலிருந்து இரவெல்லாம் ஒழுகும் நீர். அதைத் தாண்டிப் போகும் நாம். செஞ்சி ஆறு என்றும், வராக நதி என்றும், சங்கராபரணி என்றும் மூன்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். ஆண்டின் பல மாதங்களில் அதில் மணல்தான் தெரிகிறது. நான் குளித்து வளர்ந்த கொல்லைக் கிணறு வற்றி நெடுநாளாயிற்று. அதன் இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டோம். இரண்டு முறை இன்னும் ஆழமாக இறக்கியும் விட்டோம். பொத்தானைத் தட்டினால் நீர் வருகிறது என்பதால், அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்பதில்லை. மஞ்சள் குடம் எப்படி நிறைந்தது என்று நான் கேட்காததுபோலவே!

சிந்துகிறவனுக்குத் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாததை அவன் யாருக்குக் கொடுப்பான்? எண்ணி வைத்திருப்பவளுக்குத் தெரியும். எதைக் கொடுக்கிறோம் என்றும் தெரியும், கொடுத்தபின் எதை இழந்து வாழ வேண்டும் என்றும் தெரியும். அப்படித் தெரிந்து கொடுத்த இரண்டு நீலக் குடங்களை நான் என் கண்ணால் கண்டேன்.

இப்போது எங்கள் மதரஸாவில் ஒளுப் பாடம் வரும் நாளில், மாணவர்கள் கையில் ஏட்டுக்குப் பதில் ஒரு லிட்டர்ச் சொம்பைக் கொடுக்கிறேன். முதல் நாள் பாதி ஒளுவிலேயே நீர் தீர்ந்துவிடும், சிறுவர்கள் விழிப்பார்கள். நான்கைந்து நாட்களில் பழகிவிடுகிறார்கள். அதன்பின் யாருடைய சொம்பில் அதிகம் மிஞ்சுகிறது என்று அவர்களுக்குள் போட்டி! பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பித்துப் பிடித்துவிட்டது என்று மகிழ்கிறேன்.

2019க்குப் பின் நல்ல மழை பெய்த ஆண்டுகள் வந்தன. அக்கா வீட்டுத் தெருவில் குழாயில் நீர் வருகிறது. சென்ற முறை போனபோது நடையில் குடங்கள் அப்படியே இருந்தன. "இன்னும் எதுக்கு அக்கா?" என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சுண்ணக்கட்டி மாடத்தில் இருந்தது. பஜ்ருக்கு எழுந்து, சொம்பில் நீர் எடுத்துக்கொண்டேன்.

வாசகச் சகோதர சகோதரிகளே! இன்று வக்துத் தொழுகை ஒன்றுக்கு, குழாயைத் திறக்காமல், ஒரே ஒரு சொம்பில் ஒளுச் செய்து பாருங்கள். எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.